தட்டு நடுவுல யார் பேரு? – கிங்க்ஸின் முதல் ஆல்பமும் கொஞ்சம் ஏலேலோவும்

மக்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க. ராக் மியூசிக் நமக்கு ஆகாதுப்பான்னு சொல்றவங்களும் தாராளமா படிக்கலாம். பாதிக்கு மேல மீன், வலை, ஜெயில், ராயல்டின்னு போகும்.

1964 அக்டோபர் 2. நமக்குக் காந்தி ஜெயந்தி லீவு. லண்டன்ல அன்னைக்கு 'பை' ரெக்கார்ட்ஸ்ங்கிற கம்பெனி ஒரு எல்.பி. இசைத்தட்டை வெளியிட்டது. ஆல்பம் பேரு 'கிங்க்ஸ்'. குழுவோட பேரும் அதேதான். வடக்கு லண்டன்ல மஸ்வெல் ஹில்ங்கிற பகுதியைச் சேர்ந்த அண்ணன் தம்பி ரெண்டு பேர், ரே டேவிஸ், டேவ் டேவிஸ். அண்ணனுக்கு 20 வயசு, தம்பிக்கு 17. பேஸ் கிட்டாருக்கு பீட் குவைஃப், டிரம்ஸுக்கு மிக் ஏவரி. தயாரிப்பாளர் ஷெல் டால்மி, லண்டன்ல கடை விரிச்சிருந்த ஒரு அமெரிக்கர்.

மொத்தம் 14 பாட்டு. பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியல்ல மூணாவது இடம் வரைக்கும் போச்சு. இவ்வளவுக்கும் அது பெரிய கலைப்படைப்புன்னு அந்தக் குழுவோட தீவிர ரசிகர்களே சொல்ல மாட்டாங்க. அவசரமா பண்ணின தட்டு. அந்த ஆகஸ்ட்ல வெளியான 'யூ ரியலி காட் மீ' செப்டம்பர்ல நம்பர் ஒன் ஆயிடுச்சு. சூடு ஆறறதுக்குள்ள ஒரு எல்.பி. போட்டு வித்துடணும். அவ்வளவுதான் கணக்கு.

அந்த ஒரு பாட்டோட கதை பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். முதல் ரெண்டு சிங்கிளும் படுத்துடுச்சு. மூணாவது பாட்டை முதல்ல மெதுவா, எதிரொலியெல்லாம் போட்டுப் பதிவு பண்ணினாங்க. பசங்களுக்கே பிடிக்கல. மறுபடியும் பண்ணுவோம்னு அடம் பிடிச்சு ஐ.பி.சி. ஸ்டூடியோவுக்குப் போனாங்க. தம்பி டேவ் தன்னோட சின்ன பச்சை ஆம்ப்ளிஃபையரோட ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால கிழிச்சு வச்சிருந்தான். அந்தக் கிழிஞ்ச சத்தத்தை இன்னொரு பெரிய ஆம்ப்ளிஃபையர் வழியா விட்டா, கரகரன்னு ஒரு உறுமல். பின்னாடி வந்த ஹார்ட் ராக்குக்கெல்லாம் அந்த உறுமல் ஒரு தாத்தா மாதிரி. அந்த சோலோவை வாசிச்சது ஜிம்மி பேஜ்னு ரொம்ப நாளா ஒரு வதந்தி உண்டு. அது தப்பு, வாசிச்சது டேவ்தான். ஆனா ஆல்பத்தோட வேற சில பாட்டுகள்ல பேஜ் கூலிக்கு வாசிச்சிருக்கார். அப்ப அவர் ஸ்டூடியோ ஸ்டூடியோவா போய் வாசிச்சுக் காசு வாங்கிட்டுப் போற ஆள்.

சரி, எனக்கு இந்த ஆல்பத்துல பிடிச்சது அந்த உறுமல் இல்லை. தட்டு நடுவுல ஒட்டியிருக்கிற வட்டக் காகிதம். அதுல ஒவ்வொரு பாட்டுக்கும் கீழ சின்ன எழுத்துல ஒரு பேர் போட்டிருக்கும். எழுதினவர் பேர். அந்தப் பேர்களை ஒவ்வொண்ணா படிச்சுக்கிட்டே போனா ஒரு முழு சரித்திரம் வருது.

*

முதல்ல கொஞ்சம் பின்னணி. அறுபதுகள் தொடக்கத்துல லண்டன் பசங்களுக்கு அமெரிக்கக் கறுப்பினத்தவரோட ரிதம் அண்ட் புளூஸ் மேல ஒரு வெறி. 1962-ல அலெக்சிஸ் கார்னர் ஈலிங் பகுதியில ஒரு கிளப் ஆரம்பிச்சார். ரோலிங் ஸ்டோன்ஸ் ஆட்களெல்லாம் அங்க வந்து சேர்ந்தவங்கதான். சிகாகோவோட செஸ் ரெக்கார்ட்ஸ் தட்டுகளை இங்கிலாந்துல யார் வித்தாங்க தெரியுமா? இதே பை கம்பெனிதான். சக் பெர்ரி, போ டிட்லி, மடி வாட்டர்ஸ் எல்லாம் பை லேபிள்ல வந்தாங்க. அதே கம்பெனி உள்ளூர்ப் பசங்களைக் கூப்பிட்டு அதே பாட்டைப் பாட வச்சும் வித்தது. நல்ல வியாபாரம்.

கிங்க்ஸ் ஆல்பத்துல இருக்கிற பேர்களை இப்பப் பார்ப்போம்.

ஆறு பாட்டு ரே டேவிஸ் கணக்குல. அதுல ஒண்ணுல மேனேஜர்கள்ல ஒருத்தரான லாரி பேஜ் பேரும் சேர்ந்திருக்கு. சக் பெர்ரி ரெண்டு பாட்டு: 1956-ல வந்த 'டூ மச் மங்கி பிசினஸ்', 1958-ல வந்த 'பியூட்டிஃபுல் டிலைலா'. போ டிட்லியோட 'கேடிலாக்'. டாமி டக்கர் பாடின 'லாங் டால் ஷார்ட்டி'. லூசியானாவைச் சேர்ந்த லேசி லெஸ்டர் 1958-ல பாடின 'ஐ ஆம் எ லவர் நாட் எ ஃபைட்டர்'. அதே லூசியானாவோட ஸ்லிம் ஹார்ப்போ எழுதிப் பாடின 'காட் லவ் இஃப் யூ வான்ட் இட்'.

இதுவரைக்கும் 12. மிச்சம் ரெண்டு: 'பால்ட் ஹெடட் உமன்', 'ஐ ஹேவ் பீன் டிரைவிங் ஆன் பால்ட் மவுண்டன்'. ரெண்டுக்கும் கீழ இருக்கிற பேர்: ஷெல் டால்மி.

அட, தயாரிப்பாளரே பாட்டு எழுதுவாரான்னு நினைப்பீங்க. எழுதலாம், தப்பில்லை. ஆனா இந்த ரெண்டு பாட்டும் அவருக்கு முன்னாடியே இருந்தது. முதல் பாட்டை ஹாரி பெலஃபான்டே 1960-ல 'ஸ்விங் தட் ஹாமர்'ங்கிற ஆல்பத்துல பாடியிருக்கார். அந்த ஆல்பமே சங்கிலிக் கைதிகளோட பாட்டுத் தொகுப்பு. ரெண்டாவதை ஓடெட்டா பாடியிருக்காங்க. ரெண்டுமே அமெரிக்கத் தென் மாநிலங்கள்ல சம்மட்டியோட வேலை பார்த்தவங்ககிட்ட இருந்து வந்த வேலைப் பாட்டு. எழுதினது யாருன்னு யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்துல ஷெல் டால்மி தன் பேரை எழுதிட்டார்.

*

இதனால என்ன பெரிய லாபம்னு கேட்கலாம். இங்கதான் கணக்கு வருது.

இசைத்தட்டு விக்கிற காசுல ஒரு சின்னப் பங்கு பாட்டு எழுதினவருக்கும் அதைப் பதிப்பிச்ச கம்பெனிக்கும் போகும். பாடினவருக்கு வர்றது தனி, இது தனி. எல்.பி.ன்னா அதுல இருக்கிற பாட்டுகளுக்குள்ள அந்தப் பங்கு பிரியும். அங்கதான் சூட்சுமம். ஜனங்க காசு கொடுத்து வாங்கறது 'யூ ரியலி காட் மீ'க்காக. ஆனா ரெண்டாம் பக்கத்துல யாரும் கவனிக்காத ரெண்டரை நிமிஷப் பாட்டுக்கும் கிட்டத்தட்ட அதே பங்குதான். பதினாலுல ரெண்டு பாட்டு உன் பேர்ல இருந்தா, ஒவ்வொரு தட்டு விக்கும்போதும் எழுதினவர் பங்குல ஏழுல ஒண்ணு உனக்கு.

சிங்கிள் தட்டுல இன்னும் மோசம். ரெண்டே பாட்டு, ஏ பக்கம் ஹிட்டு, பி பக்கம் சும்மா. பங்கு மட்டும் சரிபாதி. 1965 ஜனவரியில 'தி ஹூ' குழுவோட 'ஐ கான்ட் எக்ஸ்ப்ளெய்ன்' வெளியாச்சு. தயாரிப்பு இதே டால்மி. ஏ பக்கம் பீட் டவுன்ஷெண்ட் எழுதினது. பி பக்கம் என்ன பாட்டு தெரியுமா? 'பால்ட் ஹெடட் உமன்'. எழுதினவர், அதே ஷெல் டால்மி! நாலு மாசத்துக்குள்ள ஒரே கைதிப் பாட்டு ரெண்டு குழுவோட தட்டுல ஏறிடுச்சு.

இதுக்கு டால்மியை மட்டும் திட்டி முடிச்சுட முடியாது. அந்தக் காலத்துல அது தொழில் வழக்கம். யாருக்கும் சொந்தமில்லாத பாட்டைப் 'பாட்டும் ஏற்பாடும் நான்'னு பதிவு பண்ணிக்கிறது அமெரிக்காவுலயும் இங்கிலாந்துலயும் சர்வசாதாரணம். டால்மி நல்ல காதுள்ள மனுஷன், கிங்க்ஸோட அந்த முரட்டுச் சத்தத்தைத் தட்டுல பிடிச்சது அவர்தான். ரெண்டும் உண்மை.

ஸ்லிம் ஹார்ப்போ கதை இன்னும் சுவாரசியம். நிஜப் பேர் ஜேம்ஸ் மூர். 1957-ல எக்செல்லோ கம்பெனிக்காக அவர் பண்ணின முதல் தட்டு. ஒரு பக்கம் 'ஐ ஆம் எ கிங் பீ', மறுபக்கம் 'காட் லவ் இஃப் யூ வான்ட் இட்'. 1964 ஏப்ரல்ல ரோலிங் ஸ்டோன்ஸ் தங்களோட முதல் ஆல்பத்துல அந்த ஒரு பக்கத்தை எடுத்துக்கிட்டாங்க. அக்டோபர்ல கிங்க்ஸ் மறுபக்கத்தை எடுத்துக்கிட்டாங்க. நடுவுல ஜூலையில ஹூ குழு (அப்ப அவங்க பேரு 'ஹை நம்பர்ஸ்') 'ஐ ஆம் தி ஃபேஸ்'னு ஒரு தட்டு போட்டாங்க. மெட்டு அப்படியே ஹார்ப்போவோட ரெண்டாம் பக்கம், வார்த்தை மட்டும் வேற. எழுதினவர்னு போட்டிருந்த பேர் அவங்க மேனேஜர் பீட்டர் மீடன்.

ஒரே தட்டு, ரெண்டே பக்கம், மூணு குழு. அதுல ரெண்டு குழு ஹார்ப்போ பாட்டை ஹார்ப்போ பாட்டுன்னு சொல்லிப் பாடிச்சு. ஒண்ணு சொல்லாமப் பாடிச்சு. கிங்க்ஸ் சொன்ன கட்சி. ஹார்ப்போ இந்தக் கூத்தெல்லாம் நடக்கும்போது லூசியானாவுல லாரித் தொழிலும் சேர்த்துப் பார்த்துக்கிட்டிருந்தார். முதல் தடவையா ஐரோப்பாவுக்கு வந்து கச்சேரி பண்றதா ஏற்பாடு ஆச்சு. கிளம்பறதுக்கு முன்னாடி, 1970 ஜனவரி 31-ல, 46 வயசுல இறந்துட்டார்.

நம்ம தொழில்ல இருக்கிறவங்களுக்குச் சட்டுனு புரியற மாதிரி சொல்றேன். இன்னொருத்தர் எழுதின ஓப்பன் சோர்ஸ் கோடை எடுத்து உபயோகிக்கிறது தப்பே இல்லை, அதுக்குத்தான் அது இருக்கு. மேல இருக்கிற காப்பிரைட் வரியை அப்படியே வச்சுட்டு நீங்க கீழ என்ன வேணா பண்ணுங்க. அந்த வரியை அழிச்சுட்டு நம்ம பேரைப் போட்டா? கோட் ஓடத்தான் செய்யும், கஸ்டமருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனா அது திருட்டு. வரியே இல்லாத ஃபைல் ஒண்ணு கிடைச்சா, அதை எழுதினவனே இல்லைன்னு அர்த்தமா?

*

இப்ப மூணு மாசம் தள்ளிப் போவோம். இடமும் மாறுது, நம்ம பக்கம் வரோம்.

1965 ஜனவரி. கிங்க்ஸ் ஆஸ்திரேலியாவுக்குக் கச்சேரிப் பயணம் போறாங்க. கூட மான்ஃப்ரெட் மேன், ஹனிகூம்ப்ஸ் குழுக்கள். வழியில பம்பாயில இறங்கித் தங்கறாங்க. தூக்கம் கெட்ட ரே டேவிஸ் விடியற்காலையில கடற்கரைப் பக்கம் இருக்கார். மீனவர்கள் வேலைக்குப் போறாங்க. போகும்போது சேர்ந்து பாடிக்கிட்டே போறாங்க. அந்தப் பாட்டு அவர் காதுல போய் உட்கார்ந்துடுச்சு. இதை அவரே பின்னாடி பல தடவை சொல்லியிருக்கார். பாடினவங்க பேர் அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. பம்பாய்க் கரைங்கிறதால பெரும்பாலும் கோலி சமூகத்தவங்களா இருந்திருக்கலாம்.

அந்த வருஷம் ஜூலை 30-ல 'சீ மை ஃப்ரெண்ட்ஸ்'னு ஒரு சிங்கிள் வந்தது. கேட்டுப் பாருங்க. சித்தார் கிடையாது, தபலா கிடையாது. 12 தந்தி கிட்டார்ல ஒரே சுரத்தை விடாம இழுத்துக்கிட்டே இருக்காங்க, தம்பூரா மாதிரி. மேல ரே மூக்கால இழுத்து இழுத்துப் பாடறார். ஆத்துக்கு அந்தப் பக்கம் போய்ட்டவங்களைப் பத்தின பாட்டு. பட்டியல்ல பத்தாவது இடம். பீட்டில்ஸோட 'நார்வீஜியன் வுட்' பாட்டுல ஜார்ஜ் ஹாரிசன் சித்தாரை மீட்டினது உலகத்துக்குக் கேட்டது அதே வருஷம் டிசம்பர்ல. ஆக மேற்கத்திய பாப்புல இந்தியச் சாயல் ஏறினதுக்கு ஆரம்பம்னு தேடினா, ரவிஷங்கருக்கு முன்னாடி பம்பாய் மீனவர்கள் நிக்கறாங்க. யார்ட்பேர்ட்ஸும் அந்த வருஷம் அந்தப் பக்கம் முயற்சி பண்ணினாங்கதான். ஆனா கேட்டது ஒரு கரையில, உழைப்பாளிகள் வாயிலன்னு சொல்லக்கூடியது இது ஒண்ணுதான்.

அந்தக் குரல் ஏன் ரேயை அவ்வளவு பிடிச்சது? அவருக்கு ரெனேன்னு ஒரு அக்கா. சின்ன வயசுலயே இதயம் பலவீனம். 1957-ல ரேயோட 13-வது பிறந்த நாளுக்கு ஒரு கிட்டார் வாங்கிக் கொடுத்தாங்க. அன்னைக்கு ராத்திரியே லண்டன் லைசியம் ஹால்ல நடனமாடிக்கிட்டிருக்கும்போது இறந்துட்டாங்க. 'சீ மை ஃப்ரெண்ட்ஸ்' அந்த அக்காவோட மரணத்தைப் பத்தினதுன்னு ரே சொல்லியிருக்கார். அக்காவுக்காகத் தேடிக்கிட்டிருந்த ஒரு குரல் பம்பாய்க் கரையில கேட்டிருக்குன்னு நான் நினைச்சுக்கறேன்.

இப்ப இந்தப் பாட்டையும் அந்தக் கைதிப் பாட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ரெண்டுமே பேர் தெரியாத உழைப்பாளிகள்கிட்ட இருந்து வந்தது. ஒண்ணுல இருந்த பாட்டையே எடுத்துட்டுப் பேரை ஒட்டினாங்க. இன்னொண்ணுல மீனவர்களோட மெட்டை எடுக்கல, அந்த இழுப்பை, அந்த விடியற்காலையைக் காதுல வாங்கிக்கிட்டு, தன் சொந்த துக்கத்தை அதுல போட்டுப் புதுசா ஒரு பாட்டு பண்ணினார். அதுக்குக் கீழ ரே டேவிஸ்னு பேர் இருக்கிறது நியாயம்தான். எங்க கேட்டேன்னு கேட்டவங்ககிட்ட எல்லாம் சொல்லவும் செஞ்சார். யாரும் கண்டுபிடிக்கவே முடியாத கடன் அது. அவர் சொல்லலைன்னா இன்னைக்கு இந்தப் பதிவே கிடையாது.

*

இதெல்லாம் வெள்ளைக்காரங்க கதைதானேன்னு விட்டுட முடியல. நான் வேலை பார்க்கிறது சிறுசேரி சிப்காட்டுல. தெற்கே கேளம்பாக்கம் போய் இடது பக்கம் திரும்பி, முட்டுக்காட்டுக் கழிமுகத்தைத் தாண்டினா கோவளம் கரை. பைக்ல ஒரு எட்டு. ஞாயித்துக்கிழமை காலையில மீன் வாங்கப் போறது எங்க ரூம்ல ஒரு சடங்கு. ஒரு தடவை வலை பிரிச்சுக்கிட்டிருந்த பெரியவர் ஒருத்தர்கிட்ட, "ஐயா, வலை இழுக்கும்போது பாடுவாங்களாமே?"ன்னு கேட்டேன். "இப்ப யாரு தம்பி பாடறா? எஞ்சின் போடற சத்தத்துல பக்கத்துல இருக்கிறவன் பேசறதே கேக்காது"ன்னு சிரிச்சார். கொஞ்ச நேரம் கழிச்சு, கை வலையில இருக்க, தாளத்தோட நாலு வரி மெதுவாச் சொன்னார். எங்கப்பா பாடினதுன்னு மட்டும் சொன்னார்.

நம்ம கடற்கரைத் தமிழ்ல இதுக்கு அம்பாப் பாட்டுன்னு பேர். இலங்கைத் தமிழ்க் கரையிலும் அதே பேர்தான். கரைவலையை, அதாவது பெரிய வலையை, இழுக்கணும்னா அரை வட்டமா கடல்ல வலையைப் போட்டுட்டு ரெண்டு முனைக் கயித்தையும் கரைக்குக் கொண்டு வருவாங்க. ரெண்டு பக்கமும் ஆட்கள் நின்னு இழுக்கணும். எல்லாரும் ஒரே நொடியில இழுத்தாத்தான் வலை நகரும். ஒருத்தர் முன்பாட்டு எடுப்பார், மத்தவங்க 'ஏலேலோ'ன்னோ 'ஐலசா'ன்னோ பதில் சொல்லுவாங்க. பதில் விழற இடத்துலதான் இழுப்பு விழும். பாட்டு அங்க பொழுதுபோக்கு இல்லை, அது ஒரு கருவி. கயிறு மாதிரி, துடுப்பு மாதிரி.

அமெரிக்கச் சிறைப் பாட்டும் அச்சு அசல் இதே அமைப்பு. ஒருத்தர் எடுக்க, மத்தவங்க பதில் சொல்ல, பதில் விழற இடத்துல சம்மட்டியோ கோடாலியோ விழும். கைதிகளுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. எல்லாரும் ஒரே தாளத்துல அடிச்சா, மெதுவா அடிக்கிற பலவீனமான ஆள் தனியாத் தெரிய மாட்டான். காவலாளி கண்ணுல படாமத் தப்பிப்பான். பாட்டே ஒரு கவசம். இந்த எடுப்பும் பதிலும்தான் புளூஸுக்குள்ள போச்சு, அங்க இருந்து ரிதம் அண்ட் புளூஸுக்கு, அங்க இருந்து மஸ்வெல் ஹில்லுக்கு. ரே டேவிஸ் பம்பாய்ல கேட்டது அவர் வாசிச்சுக்கிட்டிருந்த இசையோட தூரத்துச் சொந்தம்.

ஏலேலோவுக்கு ஒரு கதை இருக்கு தெரியுமா? மயிலாப்பூர்ல ஏலேலசிங்கர்னு ஒரு பெரிய வணிகர், கப்பல் முதலாளி, திருவள்ளுவரோட சீடர். அவர் பேரைச் சொல்லித்தான் படகுக்காரங்க 'ஏலேலோ'ன்னு பாட ஆரம்பிச்சாங்கன்னு கர்ணபரம்பரைக் கதை. சரித்திரமான்னு கேட்டா, இல்லை, கதைதான். ஆனா கதையோட உள்குத்தைப் பாருங்க. துடுப்பு போட்டவன், வலை இழுத்தவன் பாடின பாட்டு. அதுல கடைசியில நின்ன பேரு கப்பல் முதலாளியோடது! டால்மி எல்லாம் நம்ம ஊர்ல ரொம்ப முன்னாடியே இருந்திருக்கார்.

கிங்க்ஸ் ஆல்பம் வந்த அடுத்த மாசம், 1964 தீபாவளிக்கு நம்ம ஊர்ல 'படகோட்டி' வந்தது. எம்.ஜி.ஆர். மீனவரா நடிச்ச படம். விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசை, எல்லாப் பாட்டும் வாலி. அருமையான பாட்டுகள், சந்தேகமே இல்லை, அதுல அவங்க உழைப்பு முழுசா இருக்கு. நான் சொல்ல வர்றது ஒரு படத்தைப் பத்தி இல்லை. நம்ம சினிமாவுல எத்தனை மீனவர் காட்சி, எத்தனை நடவுக் காட்சி, எத்தனை ஏலேலோ, எத்தனை தன்னானே! டைட்டில் கார்டுல இதுக்கெல்லாம் எந்தக் கரைக்காவது, எந்த ஊருக்காவது நன்றி போட்டுப் பார்த்திருக்கோமா?

சட்டமும் இங்க உதவி பண்ணாது. நம்ம 1957 காப்புரிமைச் சட்டம் எழுதினவர் ஆயுளுக்கும் அதுக்கு மேல 60 வருஷத்துக்கும் பாதுகாப்பு தருது. 2012 திருத்தத்துக்கு அப்புறம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி உரிமை பலமாச்சு. நல்லது. ஆனா எழுதினவர்னு ஒரு பேர் இருந்தாத்தானே ஆயுளைக் கணக்குப் போட? கோவளத்துப் பெரியவரோட அப்பாவுக்கு எந்தப் பிரிவுல இடம்?

*

ஒண்ணும் பண்ண முடியாதுன்னு கை விரிக்கிறவங்களுக்கு ரெண்டு உதாரணம் வச்சிருக்கேன்.

முதல் உதாரணம் அமெரிக்கா. 1959-ல ஆலன் லோமாக்ஸ்ங்கிற நாட்டுப்பாடல் ஆய்வாளர் மிசிசிப்பி மாநிலச் சிறையில, கோடாலியால மரம் வெட்டிக்கிட்டே பாடின கைதிகளைப் பதிவு பண்ணினார். முன்பாட்டு எடுத்தவர் பேரைக் குறிச்சு வச்சார்: ஜேம்ஸ் கார்ட்டர். அந்தப் பதிவு 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ' படத்துல 2000-ல வந்தது. பாட்டுத் தொகுப்பு லட்சக்கணக்குல வித்துத் தள்ளிச்சு, கிராமி வாங்கிச்சு. அதுக்கு முன்னாடியே அந்த ஆளைத் தேடினாங்க. சிகாகோவுல கண்டுபிடிச்சாங்க. 2002-ல அவர் கையில 20,000 டாலருக்கு ஒரு காசோலை. அவருக்கு 76 வயசு. அப்படி ஒரு பாட்டு பாடினதே அவருக்கு ஞாபகம் இல்லை! அடுத்த வருஷம் இறந்துட்டார். 43 வருஷம் கழிச்சுக் காசு போய்ச் சேர்ந்ததுக்கு ஒரே காரணம், 1959-ல ஒருத்தர் நோட்டுல ஒரு பேரை எழுதி வச்சது.

ரெண்டாவது உதாரணம் நம்ம ஊர். பேராசிரியர் நா. வானமாமலை 1960-களில் நாட்டுப் பாடல்களைத் தொகுத்தார். 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' புத்தகம் கிடைச்சா புரட்டிப் பாருங்க. பல பாட்டுகளுக்குக் கீழ மூணு வரி இருக்கும். உதவியவர், சேகரித்தவர், இடம். பாடிக் கொடுத்தவர் ஒரு வரி, எழுதி எடுத்தவர் ஒரு வரி, ஊர் ஒரு வரி. ஊர் ஊரா போய்ச் சேகரிச்சவங்க பேரைக்கூட அவர் தன் பேருக்குள்ள கரைச்சுக்கல. பை ரெக்கார்ட்ஸ் தட்டு நடுவுல இருந்த காகிதத்தையும் இந்த மூணு வரியையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா, நாகரிகம்னா என்னன்னு எனக்குப் புரியுது. பெரிய செலவு எதுவும் இல்லை. மூணு வரி மை.

கிங்க்ஸ் அப்புறம் எங்கயோ போய்ட்டாங்க. அமெரிக்கப் பாட்டைப் பாடறதை விட்டுட்டு, லண்டன் தெரு, டீக்கடை, சாயங்காலச் சூரியன்னு தங்களோட சொந்த ஊரைப் பத்தி ரே எழுத ஆரம்பிச்சார். முதல் ஆல்பத்துல அடுத்தவங்க குரல்ல பேசிப் பழகின பையன், பம்பாயில ஒரு கரைக்குரலைக் கேட்டதுக்கு அப்புறம் தன் குரலைக் கண்டுபிடிச்சான்னு சொன்னா கொஞ்சம் மிகையாப் போயிடும். ஆனா ரொம்ப மிகை இல்லை. முதல் ஆல்பத்தையும் 'சீ மை ஃப்ரெண்ட்ஸ்' பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

கடைசியா ஒரு வேண்டுகோள். நம்ம பதிவர்கள்ல கடலூர், நாகை, தூத்துக்குடி, குமரி, யாழ்ப்பாணம், மன்னார்னு கரையோரத்துக்காரங்க நிறைய இருக்கீங்க. உங்க வீட்டுலயோ தெருவுலயோ அம்பா தெரிஞ்ச பெரியவங்க யாராவது இருந்தா, அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது செல்போனை எடுத்துப் பதிவு பண்ணுங்க. சில ஊர்கள்ல வலையை டிராக்டரும் வின்ச்சும் இழுக்க ஆரம்பிச்சாச்சு. இழுக்க ஆள் வேண்டாம்னா பாட்டும் வேண்டாம். இன்னும் எத்தனை வருஷம் அந்தத் தாளம் யார் ஞாபகத்துல இருக்கும்னு சொல்ல முடியாது.

பதிவு பண்ணும்போது, அவங்க சம்மதத்தோட, முதல்ல பேரைக் கேளுங்க. அவங்க பேர், அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவங்க பேர், ஊர். அதுக்கு அப்புறம் பாட்டு.

பி.கு: கோவளத்துப் பெரியவர் சொன்ன நாலு வரியை இங்க போடலை. அடுத்த ஞாயித்துக்கிழமை போய், போடலாமா, யார் பேர்ல போடணும்னு அவரையே கேட்டுட்டு வரேன்.